அரைப்பேர்

ஆராதனை முடிந்து
மழைக்கு முந்தி ஜனங்கள் லயத்துக்கு ஓடிய பிறகு
நாங்கள் ஐந்து மூப்பரும்
பக்கத்து அறையில் பதிவேட்டை விரித்தோம்.
மாதத்துக்கு ஒருமுறை ஹட்டனிலிருந்து வருகிற போதகர்
ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.
மிச்ச ஞாயிறெல்லாம்
மஸ்கெலியாவுக்கு மேலே இந்தச் சின்னச் சபை
எங்கள் கையில்.

எலியேசர் ஐயாவிடம் சிவப்புப் பேனா.
முப்பத்தொரு வருடம்
பெரட்டுக்களத்தில் செக்ரோல் பிடித்த கை.
"ஆறு மாசச் சந்தா பாக்கின்னா
பேரு வெட்டணும். சட்டம் அப்படி."
சட்டம் அப்படித்தான்.
எபிநேசர். கோடு.
மார்த்தாள். கோடு.
பேனா நடுங்கவில்லை.

எனக்கு அந்தக் கோட்டைத் தெரியும்.
கொழுந்து நிறை குறைந்த நாளில்
தராசு முள்ளைப் பார்த்துவிட்டு
அம்மாவின் பேருக்கு நேரே
அரைப்பேர் போட்ட கையும் நடுங்கவில்லை.
அது வேறு கை, வேறு தோட்டம்.
ஆனால் அம்மா அன்றைக்கு
முழு ஆளாகத்தான் மலையில் நின்றாள்,
முழுசாகத்தான் நனைந்தாள்.

காலையில் வாசித்த நிருபத்தில்
மூப்பருக்கு இன்னொரு பெயர் வந்தது: கண்காணி.
வாசித்த பையன் நாக்குத் தடுக்கி
கங்காணி என்றான்.
பெஞ்சுகளில் சிரிப்பு.
எலியேசர் ஐயா சிரிக்கவில்லை. நானும்தான்.
ஒரே எழுத்து வித்தியாசம்.
அதற்குள்ளேதான் இருக்கிறது
எங்கள் தாத்தன்மார் கடல் தாண்டி வந்த கடனும்
கையில் கொடுத்த துண்டும்.
கண்ணால் காண்கிறவன் என்று
பிரித்துச் சொன்னார் போதகர்.
எதைக் காண்கிறவன் என்பதற்குள்
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"இந்த ஒன்பது வீட்டுக்கும்
போன வருசம் நம்மில யாரு போனது?"
கேட்டது நான்தான்.
சீமோன் கூரையைப் பார்த்தார்.
யாரோ பிஸ்கட் தட்டை நகர்த்தினார்கள்.
நானும் போகவில்லை.
முதல் பெஞ்சில் உட்காருவது
எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.
முதுகுக்குப் பின்னே எத்தனை இடம் காலி என்று
முதல் பெஞ்சுக்குத் தெரியாது.

ஆள் ஐந்து, குடை மூன்று.
பணிய லயத்துக்கு இறங்கினோம்.
மார்த்தாள் குவைத்தில்.
பதினோரு வயது மகள்
தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டே
"அம்மா ஞாயித்துக்கிழமை
போன்ல ஜெபம் பண்ணும்" என்றாள்.
அடுத்த காம்பராவில் கதவே திறக்கவில்லை;
உள்ளே டிவி சத்தம் குறைந்தது, அவ்வளவுதான்.

எபிநேசர் கூரைமேல் இருந்தான்.
காற்று பிய்த்த தகரத்தை
முழங்காலால் அமுக்கிக்கொண்டு, வாயில் ஆணி.
எங்களைக் கண்டதும் ஆணியைக் கையில் துப்பி
"சந்தாவா?" என்றான்.

யாரும் பேசவில்லை.
எலியேசர் ஐயா செருப்பைக் கழற்றினார்.
எழுபத்திரண்டு வயது, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு.
தண்ணீர்ப் பீப்பாயைக் கவிழ்த்து மேலே ஏறி
தகரத்தின் தொங்கிய ஓரத்தை
இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.
"அடி" என்றார்.
எபிநேசர் அடித்தான்.
மழை கோட்டுக் கைக்குள் இறங்கி
முழங்கை வழியே ஒழுகியது.
கடைசி ஆணி வரைக்கும்
ஐயா ஜெபம் என்று வாயைத் திறக்கவில்லை.
இப்போது கை நடுங்கியது,
பார்த்தோம்.

கோடுகள் இன்னும் பதிவேட்டில் இருக்கின்றன.
"அடுத்த கூட்டத்துல பேசுவம்" என்கிறார்.
எபிநேசர் அடுத்த ஞாயிறு வரவில்லை,
அதற்கடுத்த ஞாயிறும்.
மார்த்தாள் மகள் வந்தாள்,
தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கடைசி பெஞ்சுக்கு.
எலியேசர் ஐயா எழுந்து
நடு வழியே பின்னால் நடந்து போய்
அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.
பிள்ளை அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியது.
பாட்டுப் புத்தகத்தை
அன்றைக்கு அவர் பார்த்துப் பாடவில்லை.

நான் இன்னும் முதல் பெஞ்சில்தான்.
கொஞ்சம் திரும்பி உட்காரப் பழகுகிறேன்.
கழுத்து வலிக்கிறது.